வீட்டு மின்சாரம் குறைய முதல் ரூபாயை எதில் போடுவது: ஸ்லாப், ஸ்டார், கட்டட விதி, மொத்தக் கொள்முதல்?

கீழ்வீடு (இழையைத் தொடங்கியவர்)

தமிழ்நாட்டு வீடுகளை மட்டும் வைத்துப் பேசுவோம். தொழிற்சாலை, ஐடி பார்க் எல்லாம் வேறு இழைக்கு.

இப்போது அரசு கையில் இருக்கும் கருவிகள்: மின் வாரியத்தின் ஸ்லாப் கட்டணம் (யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிகள்), பிஇஇ என்கிற ஒன்றிய எரிசக்தித் திறன் அமைப்பின் நட்சத்திர முத்திரை, எல்இடி பல்புக்கான உஜாலா திட்டம் மாதிரியான மொத்தக் கொள்முதல், 2018 டிசம்பரில் வந்த ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்கிற குடியிருப்புக் கட்டட விதி, ஏசிக்கு 24 டிகிரி தொடக்க அமைப்பு. விழிப்புணர்வுப் பலகைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அரசு கையில் ஒரு ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதை எதில் போடலாம்? “எல்லாமே தேவை” என்று யாரும் எழுத வேண்டாம். எண்ணோடு வாருங்கள்.

---

மீட்டர்பெட்டி

முதலில் ஸ்லாபைப் பார்த்துவிடுவோம். மற்ற கருவிகள் எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

2022 செப்டம்பர் 10 அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு பைசாக்கள் ஏறிவிட்டன, ஆனால் கணக்கு சுலபமாக வரும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை போகிற வீட்டுக்கு முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஐந்நூறைத் தாண்டினால் அந்த ரூ.2.25 படி காணாமல் போய், 101 முதல் 400 வரை நேராக ரூ.4.50. 501 முதல் 600 வரை ரூ.8.

500 யூனிட்டுக்கு பில் ரூ.1,725. 501-க்கு ரூ.1,958. ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

இப்போது மின்விசிறிக்கு வருவோம். பழைய 75 வாட் விசிறியைக் கழற்றிவிட்டு 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் விசிறி) மாட்டினால் 45 வாட் மிச்சம். தினம் 15 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 41 யூனிட். இரண்டு விசிறிக்கு 82. விசிறி ஒன்று ரூ.3,000 என்று வைத்துக்கொண்டால் முதலீடு ரூ.6,000.

540 யூனிட் வீடு 458-க்கு இறங்குகிறது. பில் ரூ.2,270-லிருந்து ரூ.1,473. மிச்சம் ரூ.797. பதினைந்து மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

220 யூனிட் வீடு 138-க்கு இறங்குகிறது. ரூ.315 பில் ரூ.85.50 ஆகிறது. மிச்சம் ரூ.229.50. காசு திரும்ப நாலேகால் வருஷத்துக்கும் மேல்.

90 யூனிட் வீட்டுக்கு மிச்சம் பூஜ்யம்.

அதே விசிறி, அதே மின்சாரம். விலை மூலம் சேமிக்கத் தூண்டுவது என்பது மேல் ஸ்லாபுக்கு மட்டும்தான் எட்டும். கீழே இருக்கிறவருக்கு அந்தக் குரல் கேட்கவே கேட்காது.

---

பழையசோக்கு

அதனால்தான் எல்இடி பல்பு மட்டும் கீழ் ஸ்லாப் வீடு வரைக்கும் போனது. அங்கே விலைக் குரலை நம்பி யாரும் காத்திருக்கவில்லை. உஜாலாவை நடத்திய பொதுத்துறை நிறுவனமான இஇஎஸ்எல் கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் போட்டது. 2014-இல் பல்புக்கு ரூ.310 கொடுத்து வாங்கிய அந்த நிறுவனம் 2016-இல் ரூ.38-க்கு வாங்கியது. இரண்டே வருஷம். கடையிலும் விலை பின்னாலேயே விழுந்தது.

இதில் பலர் கவனிக்காதது: உஜாலாவில் பல்பு விலைக்கு அரசு மானியம் இல்லை. இஇஎஸ்எல் முதலில் காசு போட்டது. வீட்டுக்காரர் மொத்தமாகக் கொடுத்தார், அல்லது மின் பில்லோடு தவணையாகக் கட்டினார். திரும்பி வரும் ரூபாய் அது. உங்கள் “ஒரு ரூபாய்” கேள்விக்கு இதுதான் என் பதில்.

---

காற்றளவு_210

பழையசோக்கு சொல்வது பல்புக்குச் சரி. விசிறிக்கு அப்படியே ஒட்டாது.

பல்பை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். விசிறிக்கு ஏணி வேண்டும், எலெக்ட்ரீஷியன் வேண்டும். பழைய பல்பு குப்பைக்குப் போகும். பழைய விசிறிக்குள் செம்புக் கம்பி இருக்கிறது, அதனால் அது குப்பைக்குப் போகாது. ஒன்று காயலான் கடைக்குப் போகும், இல்லையென்றால் ரீவைண்டிங் செய்து இன்னொரு வீட்டில் அதே 75 வாட்டோடு சுற்றும். அப்படிச் சுற்றினால் மாநிலக் கணக்கில் சேமிப்பு இல்லை, கூடுதலாக ஒரு விசிறிதான் வந்திருக்கிறது.

விசிறிக்கு இன்னொரு கருவி சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். முத்திரையைவிட முக்கியம் அதன் அடிமட்டம். 1200 மில்லிமீட்டர் விசிறிக்கு ‘சர்வீஸ் வேல்யூ’ குறைந்தது 4 இருக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று, அதற்கு எத்தனை வாட் என்று வகுத்து வருகிற எண் அது. காற்று குறைந்தது 210. அப்படியென்றால் ஒரு ஸ்டார் விசிறியே 210 காற்றுக்கு 52.5 வாட்டைத் தாண்டக் கூடாது. ஐந்து ஸ்டாருக்கு 6, அதாவது 35 வாட். அதே காற்றுக்கு 75 வாட் குடிக்கும் விசிறி புதிதாக விற்பனைக்கு வருவதே சட்டப்படி முடிந்துவிட்டது.

90 யூனிட் வீட்டுக்காரர் எதையும் யோசிக்க வேண்டாம். அடுத்த முறை விசிறி வாங்கும்போது தானாக 20 வாட்டாவது குறையும். இதற்கு அரசின் செலவு? பரிசோதனைக் கூடமும், கடையில் மாதிரி எடுக்க ஆளும்.

---

கீழ்வீடு

“அடுத்த முறை வாங்கும்போது” என்பதுதான் சிக்கல். சீலிங் ஃபேன் இருபது வருஷம் ஓடும். பேரிங் மாற்றி, கண்டென்சர் மாற்றி ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

---

காற்றளவு_210

உண்மை. கண்டென்சர் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், வேகம் குறைந்ததும் பல வீடுகளில் 2.5 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 3.15 போட்டுவிடுவார்கள். கொஞ்சம் வேகமாகச் சுற்றும், காயில் சூடாகும், வாட்டும் ஏறும். ‘பழுது பார்த்த’ விசிறி புதிதாக இருந்ததைவிட அதிகம் குடிக்கும்.

அடிமட்டம் புதியதைப் பிடிக்கும். பழையதைப் பிடிக்க மாற்றுத் திட்டம் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு கோடி விசிறிக்கு இலக்கு வைத்து அறிவித்த திட்டம் இந்த இரண்டாவது வேலைக்குத்தான்.

---

மீட்டர்பெட்டி

மாற்றுத் திட்டத்துக்கு ஒரு கணக்கு. ஆண்டுக்கு 300 நாள், 12 மணி நேரம், 45 வாட் மிச்சம்: 162 யூனிட். யூனிட்டுக்கு ரூ.4.50 என்றால் ரூ.729. மொத்த டெண்டரில் விசிறி ரூ.2,000-க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள் (இது என் அனுமானம்தான்), 33 மாதத்தில் அரசுக்கே காசு திரும்பிவிடும். கீழ் ஸ்லாப் வீடுகளுக்கு இலவசமாகவே கொடுக்கலாம்.

---

ஏழாம்படி

சார், அந்த ரூ.729 முழுக்க அரசுக்கு வராது. ஸ்லாப் கணக்கை அவ்வளவு அழகாகப் போட்டுவிட்டு இங்கே நழுவிவிட்டீர்கள்.

162 யூனிட் என்றால் பில்லுக்கு 27 யூனிட். 180 யூனிட் வீடு 153-க்கு இறங்கும். முதல் 100-க்கான மானியம் அப்படியே இருக்கும். குறைவது 101 முதல் 200 வரை உள்ள படியில். அங்கே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்த விலை ரூ.4.50, வீட்டுக்காரர் கட்டுவது ரூ.2.25, மீதி ரூ.2.25 அரசு மானியம். ஆகவே 27 யூனிட்டில் அரசுக்கு சுமார் ரூ.61, வீட்டுக்காரருக்கும் அதே ரூ.61. ஆண்டுக்கு ஆளுக்கு ரூ.364 சொச்சம். ரூ.2,000 திரும்ப அரசுக்கு ஐந்தரை வருஷம்.

100-க்குக் கீழே இருக்கும் வீட்டில்தான் முழு ரூ.4.50-உம் அரசுக்கு மிச்சம். அங்கேதான் உங்கள் 33 மாதக் கணக்கு நிற்கும். அதாவது வீட்டுக்காரருக்கு ஒரு பைசா லாபமில்லாத வீடுதான் அரசுக்கு முழு லாபமான வீடு. இலவச விசிறி கொடுக்க வேண்டிய இடமும் அதுதான்.

201-க்கு மேல் 500 வரை? அங்கே மிச்சமெல்லாம் வீட்டுக்காரருக்கே. அவருக்கு இலவசம் வேண்டாம், பில்லோடு தவணை போதும்.

---

மீட்டர்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன். தவறு என்னுடையது. ஆனால் 100-க்குக் கீழே இருக்கும் வீட்டில் விசிறி 12 மணி நேரம் 300 நாள் சுற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 75 வாட் விசிறி ஒன்று 12 மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். சுற்றும், ஆனால் ஒன்றுதான். வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தால் கணக்கு நிற்கும். இரண்டாவதைக் கொடுத்தால் நிற்காது.

---

ஈசூன்வாசி

சிங்கப்பூரில் இதையே வவுச்சராகச் செய்கிறார்கள். 2020-இல் ஓரறை முதல் மூவறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு மட்டும் தொடங்கினார்கள். 2024 ஏப்ரலில் எல்லா வீவக வீடுகளுக்கும் 300 வெள்ளி என்று விரித்தார்கள். குளிர்பதனப் பெட்டிக்கு 3 டிக் (நம் ஸ்டார் மாதிரி) அல்லது அதற்கு மேல், குளிரூட்டிக்கு 5 டிக், டிசி விசிறி, எல்இடி என்று பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ளதை வாங்கினால் கடையிலேயே கழித்துக்கொள்வார்கள்.

இது ஓடுவதற்குக் காரணம் அதற்கு முன்பே அடித்தளம் போட்டிருந்தது. 2008-இல் கட்டாய முத்திரை, 2011-இல் குறைந்தபட்சத் தரம். அதற்கப்புறம்தான் பணம். வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தால் வவுச்சர் காசு சுமாரான சரக்கைத் தள்ளிவிடப் பயன்பட்டிருக்கும்.

---

வெஸ்ட்வால்

எல்லாரும் விசிறியிலேயே சுற்றுகிறீர்கள். மேல்மாடியில் ராத்திரி பதினோரு மணிக்குக் கூரையைத் தொட்டால் தோசைக்கல்லாக இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் அடுத்து வாங்கப் போவது விசிறி இல்லை, ஏசி. ஏசி வந்தபின் 45 வாட் பேசிப் பயனில்லை.

கட்டட விதியை எடுத்துக்கொள்வோம். 2018 ஈக்கோ நிவாஸ் சம்ஹிதாவில் சூடான பகுதிகளுக்கு மூன்று முக்கியக் கட்டுப்பாடு. சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பம், அதாவது ஆர்இடிவி, சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. கூரையின் யூ-மதிப்பு (வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்ற எண், குறைந்தால் நல்லது) 1.2-ஐத் தாண்டக் கூடாது. நம் கடலோரம் போன்ற வெப்ப ஈர மண்டலத்தில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, கார்பெட் ஏரியாவில் 16.66 சதவீதமாவது வேண்டும்.

ஆர்இடிவி சூத்திரத்தில் வெப்ப ஈர மண்டலத்துக்கு மூன்று எண்: சுவருக்கு 5.15, கண்ணாடி வழியே கடத்தலுக்கு 1.31, கண்ணாடி வழியே நேர் வெயிலுக்கு 65.21. அந்த மூன்றாவது எண்ணைப் பாருங்கள். கொள்கை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

80 சதவீதம் சுவர், 20 சதவீதம் ஜன்னல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், யூ-மதிப்பு 2. சாதா ஒற்றைக் கண்ணாடி, யூ 5.8, வெயில் கடத்தும் கெழு 0.8. சுவர் எந்தத் திசை பார்க்கிறது என்பதற்கான காரணியை இப்போதைக்கு ஒன்று என்று வைக்கிறேன்.

சுவர்: 0.8 × 5.15 × 2 = 8.24
கண்ணாடி கடத்தல்: 0.2 × 1.31 × 5.8 = 1.52
நேர் வெயில்: 0.2 × 65.21 × 0.8 = 10.43

கூட்டினால் 20.2. தோல்வி.

ஜன்னலுக்கு மேல் சரியான அளவில் சன்ஷேடும் பக்கத் தடுப்பும் போட்டு அந்த 0.8-ஐ 0.55 ஆக்கினால் மூன்றாவது வரி 7.17. மொத்தம் 16.9. இன்னும் தோல்விதான், ஆனால் சுவரைத் தொடாமலே மூன்று வாட்டுக்கு மேல் குறைத்தாயிற்று. 0.40-க்கு இறக்கினால் செங்கல் சுவரோடே தேறிவிடும்.

சுவரை மாற்றுவது என்றால் 200 மில்லிமீட்டர் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ் உள்ள எடை குறைந்த கான்கிரீட்), யூ 0.77 அளவு. முதல் வரி 3.17 ஆகிவிடும். சன்ஷேடு இல்லாமல் 15.1, சன்ஷேடோடு 11.9.

பாட்டி காலத்துத் திண்ணையும் தாழ்வாரமும் செய்துகொண்டிருந்தது அந்த 65.21-ஐ அடிப்பதுதான். இப்போது முகப்பு ‘எலிவேஷன்’ அழகுக்காக சன்ஷேடை வெட்டிவிட்டு, பிறகு ஏசி வாங்குகிறோம்.

---

தட்டோடு

வெஸ்ட்வால் கணக்கில் குறை இல்லை. நடைமுறையில் மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலாவது, எல்லை. விதி பேசுவது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையை. நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. அரைக் கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வீடுகள் முழுக்க வெளியே. அடுக்குமாடிகளை மட்டும்தான் பிடிக்கும்.

இரண்டாவது, கூரை. “எங்கள் ஊரில் செங்கல் ஜல்லி போட்டு தட்டோடு பதிக்கிறோமே, அது போதாதா” என்று கேட்பார்கள். போதாது. ஆறு அங்குல கான்கிரீட் தளம் மட்டும் என்றால் யூ-மதிப்பு 3-ஐ ஒட்டி இருக்கும். மூன்று அங்குல செங்கல் ஜல்லியும் தட்டோடும் சேர்ந்தால் 2.3 அளவுக்கு வரும். 1.2 எட்டாது. 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பம் தடுக்கும் நுரைப் பலகை) ஒரு அடுக்கு சேர்த்தால் 0.8 பக்கம் வந்துவிடும். தளத்துக்கு மேல் நீர்த்தடுப்பு, அதன் மேல் பலகை, பலகை இணைப்புகளுக்கு டேப், பிறகு சரிவுக் கான்கிரீட், தட்டோடு. பலகைக்கு நேர் மேலே தண்ணீர் டேங்க் ஸ்டாண்டின் கால் உட்கார்ந்தால் நசுங்கும். டேங்குக்குத் தனிப் பீடம் தளத்திலிருந்தே எழுப்ப வேண்டும். டிஷ் ஆண்டெனாக்காரரும் சோலார்காரரும் போல்ட் அடித்து நீர்த்தடுப்பைத் துளைப்பது இன்னொரு தலைவலி. ஒழுகி ஜல்லி நனைந்தால் கூரை முன்பைவிட அதிகம் சூடு கடத்தும்.

மூன்றாவதுதான் பெரியது. வரைபடத்தில் ஏஏசி என்று இருக்கும், சைட்டில் சாலிட் பிளாக் இறங்கும். சாலிட் கான்கிரீட் பிளாக் சுவரின் யூ-மதிப்பு 2.8 அளவு. வெஸ்ட்வாலின் முதல் வரியில் போட்டுப் பாருங்கள், 11.5. சன்ஷேடு இருந்தும் மொத்தம் 20-ஐத் தாண்டும். பூச்சு முடிந்துவிட்டால் உள்ளே இருப்பது எது என்று யாருக்கும் தெரியாது. நிறைவுச் சான்றிதழ் கொடுக்கப் போகிறவருக்குத் தெரிவது பெயிண்ட் மட்டும்.

---

கீழ்வீடு

அப்படியானால் எந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டும்?

---

தட்டோடு

இரண்டே முறை போதும். சுவர் எழும்பி பூச்சுக்கு முன் ஒரு முறை: பிளாக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். எட்டு அங்குல சாலிட் பிளாக்கை ஒரு கையால் தூக்க முடியாது, அதே பருமன் ஏஏசியைத் தூக்கலாம். கூடவே பிளாக் வாங்கிய பில். இரண்டாவது, தளத்தில் எக்ஸ்பிஎஸ் விரித்து கான்கிரீட் போடும் முன். இந்த இரண்டு நாளிலும் தேதியும் இடமும் பதிந்த படங்களை விண்ணப்பத்தோடு ஏற்றச் சொல்லலாம். ஆள் அனுப்புவது பத்துக்கு ஒன்று போதும்.

ஜன்னலையும் அப்போதே அளந்துவிடலாம். 80 சதுர மீட்டர் வீட்டுக்கு 13.3 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். நாலுக்கு நாலு அடி ஜன்னல் ஆறு போட்டால் மொத்தம் 8.9. அது இழுவை ஜன்னலாக இருந்தால் பாதிதான் திறக்கும், 4.5. கதவு மாதிரி திறப்பதாக இருந்தால் 90 சதவீதம், 8. மீதிக்கு பால்கனிக் கதவும் வென்டிலேட்டரும். பில்டர்களுக்கு இழுவை ஜன்னல் பிடிக்கும், மலிவு, கொசுவலை சுலபம். காற்றுக்கு அது எதிரி.

---

ஏழாம்படி

வெள்ளைக் கூரையை யாரும் பேசவில்லையே? அதில் செலவு குறைவு.

---

வெஸ்ட்வால்

யூ-மதிப்புக் கணக்கில் வெள்ளைச் சாயம் வராது, ஏனென்றால் அது வெப்பத்தைத் தடுப்பதில்லை, வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. வணிகக் கட்டடங்களுக்கான 2017 விதியில் தொடக்கப் பிரதிபலிப்பு 0.60, உமிழ்வு 0.90 என்று தனியாக வைத்திருக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் ‘தொடக்க’ என்ற சொல்லைக் கவனியுங்கள். புழுதியும் பாசியும் படிந்தால் குறையும், கழுவ வேண்டும். நாலு மாடிக் கட்டடத்தில் லாபம் மேல்மாடிக்கு மட்டும். ஒற்றைத் தள வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை இவற்றுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. ஏழாம்படி சொன்ன அந்த 100 யூனிட் வீடுகளில் பாதி இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

---

பழையசோக்கு

ஏசி பற்றி ஒரு வார்த்தை. முத்திரையில் எழுதியிருக்கும் ஆண்டு யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கான எண். தினம் 8 மணி நேரம், எட்டு மாதம் ஓட்டினால் 1,900-ஐத் தாண்டிவிடும். அந்த விகிதத்தில் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் நட்சத்திரம் நிலையானது அல்ல. 2018 அட்டவணையில் ஐஎஸ்இஇஆர் (ஆண்டு முழுக்கத் தரும் குளிரை, குடிக்கும் மின்சாரத்தால் வகுத்த எண்) 4.5 இருந்தால் ஐந்து ஸ்டார். 2022 ஜூலை அட்டவணையில் ஐந்துக்கு 5.0 வேண்டும், 4.5 என்பது நாலு ஸ்டார். “நானும் 5 ஸ்டார்தான்” என்று இரண்டு பேர் சொன்னால் இரண்டும் ஒன்றல்ல. முத்திரையில் உள்ள காலத்தையும் ஐஎஸ்இஇஆர் எண்ணையும் பாருங்கள், நட்சத்திரத்தை அப்புறம் எண்ணலாம். 2022 அட்டவணையில் மூன்று ஸ்டாரின் அடி 3.8. அதிலிருந்து 5.0-க்குப் போனால் அதே குளிருக்கு 24 சதவீதம் குறைவு.

24 டிகிரி தொடக்க அமைப்பு 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் மிச்சம் என்பது பிஇஇ சொல்லும் கணக்கு. செலவில்லாத கருவி. ரிமோட்டில் 18-க்கு இறக்க ஒரு நிமிஷம் ஆகாது என்பதால் பலவீனமான கருவியும்கூட.

---

ஏழாம்படி

வாடகை வீடு? ஏசியோ கூரையோ போடுவது வீட்டுக்காரர் செலவு, பில் குடித்தனக்காரர் செலவு. எக்ஸ்பிஎஸ் பலகைக்கு வீட்டுக்காரர் ஏன் காசு போடுவார்? இந்த முடிச்சை ஸ்லாபும் அவிழ்க்காது, ஸ்டாரும் அவிழ்க்காது.

அதிலும் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று தட்டையாக வசூலிக்கும் இடங்களில் குடித்தனக்காரருக்கு இலவச 100-உம் இல்லை, மானியப் படியும் இல்லை. சேமிக்கும் ஆர்வம் அவருக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் இருக்கும். ஆனால் சுவரும் கூரையும் அவருடையதல்ல. அவர் கையில் இருப்பது விசிறி மட்டும், அதையும் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு யோசனை: வாடகை ஒப்பந்தத்தைப் பதியும்போது அந்த இணைப்பின் கடந்த ஆறு பில்களின் யூனிட்டை ஒப்பந்தத்தோடு சேர்க்கச் சொல்லலாம். இணைப்பு எண்ணைப் போட்டாலே வாரியத்திடம் கணக்கு இருக்கிறது. புதிதாக யாரும் அளக்க வேண்டியதில்லை.

---

மீட்டர்பெட்டி

முன்பு இருந்தவர் ஏசி வைத்திருந்தாரா, எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாமல் ஆறு பில் பெரிதாக எதுவும் சொல்லாது. ஏப்ரல்-மே பில்லையும் டிசம்பர்-ஜனவரி பில்லையும் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் தெரியும். அந்த வித்தியாசம்தான் கூரையும் சுவரும் பேசுவது.

---

கீழ்வீடு

சரி. கட்டட விதி புது அடுக்குமாடிக்கு, அடிமட்டத் தரம் புதுப் பொருளுக்கு, இரண்டுக்கும் அரசு ரூபாய் அதிகம் தேவையில்லை, ஆள்தான் தேவை. ரூபாய் போட வேண்டிய இடம் 100 யூனிட்டுக்குக் கீழ் உள்ள வீட்டின் ஒரு விசிறி, முடிந்தால் கூரைக்கு வெள்ளை. இதுவரை வந்ததை இப்படித்தான் படிக்கிறேன். விசிறி டெண்டரில் என்ன எழுத வேண்டும்? எல்இடி போல விலையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்?

---

காற்றளவு_210

விலையை மட்டும் பார்த்தால் இரண்டாவது கோடையில் பாதி நின்றுவிடும். பிஎல்டிசியில் மோட்டார் சாகாது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு சாகும். கிராமத்து லைனில் ராத்திரி வோல்டேஜ் ஏறுவதும், இடி மின்னலும், கரண்ட் போய் வரும்போது வரும் துள்ளலும் அதைத்தான் அடிக்கும். ஆகவே:

வோல்டேஜ் 140 முதல் 280 வரை நிற்காமல் ஓட வேண்டும். சர்ஜ் தடுப்பு போர்டிலேயே இருக்க வேண்டும். பவர் ஃபேக்டர் 0.9-க்குக் குறையக் கூடாது, லட்சக்கணக்கில் மாட்டும்போது டிரான்ஸ்ஃபார்மருக்கு அது முக்கியம். சர்வீஸ் வேல்யூ 6-க்குக் குறையாமல், காற்று 210-இல் நிற்காமல் கொஞ்சம் கூடவே கேளுங்கள். பழைய விசிறியைவிடக் காற்று குறைந்தால் ஜனங்கள் பரணில் இருந்து பழையதை இறக்கிவிடுவார்கள். உத்தரவாதம் வீட்டுக்கே வந்து மாற்றித் தருவதாக இருக்கட்டும், ஊராட்சி ஒன்றிய அளவில் மாற்று போர்டு இருப்பு வேண்டும். ரிமோட் மட்டும் நம்பிய மாடல் வேண்டாம். ரிமோட் தொலைந்தால் விசிறியும் தொலைந்த மாதிரி. சுவிட்சை அணைத்துப் போட்டால் வேகம் மாறுகிற வகை இருக்கிறது, அதைக் கேட்கலாம்.

பழைய விசிறியைத் திரும்ப வாங்கியே தீர வேண்டும். வாங்கிய இடத்திலேயே காயிலை வெட்டிவிட வேண்டும். செம்பின் காசை ஏஜென்சிக்குக் கொடுத்து டெண்டர் விலையில் கழித்துக்கொள்ளலாம்.

---

பழையசோக்கு

ஒன்று விட்டுவிட்டீர்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இதற்கு விளம்பரமே தேவையில்லை. 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் உருப்படியாக எடுக்க முடிவது 1,300 வாட்-அவர் அளவு. நாலு பழைய விசிறி 300 வாட், நாலு மணி நேரத்தில் தீரும். நாலு பிஎல்டிசி 120 வாட், பத்து மணி நேரம் தாங்கும். பவர் கட் உள்ள ஊரில் பில்லைவிட இந்தக் கணக்குதான் விற்கும்.

---

காற்றளவு_210

ஆமாம். கடைசியாக, டெண்டரில் மாட்டுக்கூலியைத் தனி வரியாகப் போடுங்கள், அதில் ரெகுலேட்டரைக் கழற்றுவதையும் எழுதுங்கள். பழைய டிம்மர் ரெகுலேட்டர் வழியாக பிஎல்டிசிக்கு மின்சாரம் போனால் அலை வெட்டப்பட்டு வரும், போர்டு சூடாகி சில மாதத்தில் போகும், பழி விசிறி மேல் விழும். ரெகுலேட்டருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் அங்கேயே சேர்த்து முறுக்கி கனெக்டர் போட்டுவிட்டு, காலியான ஓட்டைக்கு ஒரு டம்மி தகடு. தகடு பத்து ரூபாய் இருக்கும். அது எஸ்டிமேட்டில் இல்லை என்றால் எலெக்ட்ரீஷியன் ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிட்டு, “அஞ்சுலயே வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். மறுநாள் வீட்டில் யாராவது அதை மூன்றுக்குத் திருப்புவார்கள்.